ஊசிக்கு முன் எடுத்த ரத்தம்

மகனுக்கு,

இந்தப் பத்திரிகையில் நான் மாதாமாதம் அறிவியல் எழுதுவது உனக்குத் தெரியும். தவளைக்கு ஏன் இதயத்தில் மூன்று அறை, வௌவால் இருட்டில் சுவரில் மோதாமல் எப்படிப் பறக்கிறது என்றெல்லாம் எழுதி வந்தேன். இந்த மாதம் ஆசிரியரிடம் கேட்டு அந்தப் பக்கங்களை உனக்காக எடுத்துக்கொண்டுவிட்டேன். தனியாக எழுதிய கடிதங்களுக்கு நீ "நலம், வேலை அதிகம்" என்று கார்டு போட்டாய். டிரங்க் காலில் கூப்பிட்டால் லைன் சரியில்லை என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது, நீ மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. அச்சில் வந்தால் படிக்காமல் இருக்க மாட்டாய் என்றுதான் இப்படி எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. நீ வேலை செய்யும் மெட்ராஸ் ஆராய்ச்சிக்கூடத்தின் பெயரையும் போடவில்லை. அந்தப் பெண்ணை வைதேகி என்று எழுதுகிறேன். அது அவள் பெயர் இல்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், உன்னிடம் கேட்கவில்லை.

கோபமாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அது உனக்கும் தெரியும். "கடல் தாண்டிப் போற பிள்ளைய இந்த நேரத்துல வையாத, அங்க போய் அதையே நினைச்சுக்கிட்டு இருப்பான்" என்கிறார் உன் அப்பா. நினைக்க வேண்டும் என்றுதான் வைகிறேன். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வருகிறாய், அது முடிந்து ஒரு மாதத்தில் அமெரிக்கா போகிறாய். உனக்காக மாதா கோவிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லிவைக்கலாமா என்று உன் அத்தை வந்து கேட்டாள். எதற்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை முகம் வாடிப் போனாள். அவளுக்கு விஷயம் தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

உன் வேலை என்ன என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீ செய்தது அவர்களுக்குப் புரியாது. மூளையில் நரம்புச் செல்களுக்கு நடுவில், அவற்றைத் தாங்கிக்கொண்டு, நட்சத்திர வடிவத்தில் சில செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கே உரிய ஒரு புரதம் அவற்றுக்குள் நூல் நூலாக ஓடுகிறது. சும்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது இன்னதென்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்க முயல் வேண்டும். அந்தப் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, எண்ணெயோடு குழைத்து, முயலுக்கு ஊசி போடுவார்கள். என்னவோ அந்நியப் பொருள் உள்ளே வந்துவிட்டது என்று முயலின் உடம்பு அதற்கு எதிராக ஒன்றைத் தயாரிக்கும். அதற்குப் பெயர் ஆன்டிபாடி, தமிழில் எதிர்ப்பொருள் என்கிறோம். சில வாரம் கழித்து முயலின் காது ரத்தக்குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து உறையவிட்டால், தெளிந்து நிற்கிற சீரத்தில் அந்த எதிர்ப்பொருள் இருக்கும். மெல்லியதாகச் சீவிய மூளைத் துண்டை ஸ்லைடில் வைத்து இந்தச் சீரத்தை அதன்மேல் விட்டால், புரதம் இருக்கிற இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததை நன்றாக அலம்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ட இடத்திலெல்லாம் நிறம் பிடித்துவிடும். பிறகு ஒட்டிய இடம் மட்டும் பழுப்பாகத் தெரிகிற மாதிரி நிறம் ஏற்றுவார்கள். மூளையில் கட்டி வந்தவர்களுக்கு, அந்தக் கட்டி எந்த வகைச் செல்லிலிருந்து கிளம்பியது என்று சொல்லவும் இது உதவும் என்கிறார்கள். நீயும் உன் கட்டுரையின் கடைசியில் அப்படித்தான் எழுதியிருக்கிறாய், எங்கள் சீரத்தை ஆஸ்பத்திரிகளுக்குத் தரத் தயாராக இருக்கிறோம் என்று.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. முயலுக்கு முதல் ஊசி போடுவதற்கு முன்பே அதே முயலிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். அந்த முன்ரத்தத்தின் சீரத்தை இன்னொரு மூளை ஸ்லைடில் விட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்து பார்க்க வேண்டும். அது வெறுமையாக இருக்க வேண்டும். அதிலும் பழுப்பு வந்துவிட்டால், நீ போட்ட ஊசிக்கும் உன் ஸ்லைடில் வந்த நிறத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்ல வழியில்லை. அந்த முயலின் உடம்பில் நீ வருவதற்கு முன்பே என்னவோ இருந்திருக்கிறது. அவ்வளவு நாள் செய்ததைக் கொட்டிவிட்டு வேறு முயலில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இதை நீ மெட்ராஸில் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் உன்னை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நான் பாடம் நடத்தும் கல்லூரி லேபுக்குக் கூட்டிப் போவேன். வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுத்து வரையச் சொன்னேன். நீ செல்களின்மேல் கறுப்புக் கறுப்பாகக் கோடு போட்டு வந்து காட்டினாய். "இது என்னடா கோடு" என்றதற்கு, "உள்ள அப்படித்தான் இருக்கு, நீங்களே பாருங்க" என்று சண்டைக்கு வந்தாய். நான் வெங்காயத் தோலை எடுத்துவிட்டு வெறும் கண்ணாடியை வைத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். கோடு அப்போதும் இருந்தது. அவை உன் கண் இமை முடிகள். லேபில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், அப்புறம் கொஞ்சம் அழுதாய். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் வெறும் கண்ணாடியை முதலில் கேட்பாய். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற அதற்கு லேபில் கன்ட்ரோல் என்று பெயர். வளர்ந்து காலேஜ் போன பிறகும் சாப்பிட உட்கார்ந்தால் காலித் தட்டைத் தூக்கிப் பார்த்து, "கன்ட்ரோல் பார்த்தாச்சும்மா, இப்ப சோறு போடுங்க" என்பாய். அந்தக் கேலியைக் கேட்டு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

அது விளையாட்டு என்றால், விளையாட்டாக இல்லாத ஒன்றும் நம் வீட்டில் நடந்தது. நீ ஒன்பதாவது படிக்கும்போது உன் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும், விடிந்தால் வேர்த்துவிட்டு இறங்கும். தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டைபாய்டு என்றார்கள். அந்தப் பரிசோதனையும் எதிர்ப்பொருளைப் பார்க்கிற பரிசோதனைதான். மாத்திரை, கஞ்சி, மறுபடி மாத்திரை. காய்ச்சல் அசைந்து கொடுக்கவில்லை. திருவெறும்பூர் பாக்டரி பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிற மனிதர், பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். கடைசியில் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் ரிசல்ட்டைப் பார்த்தார், அப்பாவின் நாக்கைப் பார்த்தார், என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது டைபாய்டு வந்திருக்காம்மா?" வந்திருந்தது. முந்தின வருஷம்தான். அப்பாவின் ரத்தத்தில் தெரிந்தது அந்தப் பழைய காய்ச்சலின் எதிர்ப்பொருள். இப்போதைய காய்ச்சல் காசநோய். அதை விட்டுவிட்டு இல்லாத டைபாய்டுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே கையில் இருந்திருக்க மாட்டார் என்று அந்த டாக்டர் சொன்னபோது நீ என் பக்கத்தில் நின்றாய். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாய், அந்த வயதிலும்.

"முன்னாடி என்ன இருந்துச்சுன்னு ஏம்மா அவங்க கேக்கல?" என்று பஸ்ஸில் வரும்போது கேட்டாய். வீட்டில் வந்தும் கேட்டாய். அந்த லேப்காரர்களைத் திட்டித் தீர்த்தாய். ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று நீ முதன்முதலில் சொன்னது அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகுதான். இதையெல்லாம் ஊரறியச் சொல்கிறேனே என்று உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

வைதேகி என் மாணவி. ஸ்ரீரங்கத்துப் பெண். அவள் அப்பா கோவிலில் பாசுரம் சேவிக்கிற, அதாவது ஓதுகிற, கைங்கரியம் செய்கிறவர். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் விலங்கியல் படிக்க வந்ததே பெரிய விஷயம். தவளை அறுத்துவிட்டுப் போனால் கொல்லைப்புறமாகப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவாள். அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கை அவ்வளவு நிதானம். இத்தனை வருஷத்தில் அவளைப் போல ஸ்லைடு போடுகிற பெண்ணை நான் பார்க்கவில்லை. உன் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் இருக்கிறது என்று நீதான் எழுதினாய். நான் அவள் அப்பாவிடம் போய், "என் மகன் அங்க இருக்கான், தைரியமா அனுப்புங்க" என்று சொன்னேன். அவர் என்னை நம்பி அனுப்பினார். ஆட்டு மூளையை ஐஸில் வைத்து எடுத்து வந்து அரைப்பார்கள் என்பதைக்கூட அவரிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.

ஒரு வருஷத்துக்குள் பெட்டியோடு திரும்பி வந்தாள். தீபாவளி முடிந்த வாரம், கல்லூரியில் என் அறை வாசலில் வந்து நின்றாள். கை சரியில்லை, அலம்புவதில் கவனம் இல்லை, இவள் போட்ட ஸ்லைடுகளை நம்ப முடியாது என்று உங்கள் ஆராய்ச்சியை மேற்பார்க்கிற கைடு எழுதி அவளை அனுப்பிவிட்டார். வைதேகி அழவில்லை. "நான் நன்னாத்தான் அலம்பினேன் மிஸ்" என்று மட்டும் சொன்னாள். உன் கட்டுரை வெளிவந்த பிறகு, மிச்சமிருந்த சீரத்தை வைத்து அதே வேலையை மறுபடி செய்து பார்க்க அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். உன் முயலின் முன்ரத்தத்தையும் எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அதிலும் பழுப்பு வந்திருக்கிறது. மறுபடி செய்தாள், மறுபடியும் வந்தது. போய் கைடிடம் காட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். நான் உனக்கு எழுதிக் கேட்டேன். "இந்த வேலை எல்லாருக்கும் வராதும்மா" என்று ஒரு வரி எழுதினாய். நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தாய். சாப்பிட்டு முடித்து அதிரசத்தைக் கடித்துக்கொண்டு, அமெரிக்காவில் இடம் கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தக் கட்டுரையால்தான் கிடைத்தது என்றாய். நான் வைதேகியின் பேச்சை எடுத்தேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "அவ சொன்னது சரிதாம்மா. அது பழைய முயல். எனக்கு முன்னாடி ஒருத்தன் மூளைய மொத்தமா அரைச்சு அதுக்கு ஊசி போட்டிருந்தான். காதுல ரத்தம் எடுத்த வெட்டு இருக்கும், பார்த்தாலே தெரியும். புது முயலுன்னா மாசக்கணக்குல ஆகும், கான்பரன்ஸுக்கு நேரமில்ல. இது ஏற்கனவே பழகின முயல், ஒரு ஊசியிலயே சீரம் நல்லா வந்துச்சு" என்றாய். அப்படியானால் கட்டுரையில் முன்ரத்தத்தின் படம் என்று வெறுமையாக ஒன்று இருக்கிறதே, அது எது என்று கேட்டேன். "அது பக்கத்துக் கூண்டு முயலோடது. ஊசியே போடாத முயல்" என்று சொல்லிவிட்டு இன்னொரு அதிரசம் எடுத்தாய்.

உன் அப்பாதான் கேட்டார். "அப்ப அந்தப் பொண்ணு?" நீ தோளைக் குலுக்கினாய். "கைடு என்கிட்ட கேட்டாரு. நான் சும்மா ஒரு வார்த்தை, வாஷ் பத்தாம இருக்கும்னு சொன்னேன். அதுக்கு அவர் வீட்டுக்கே அனுப்புவாருன்னு எனக்குத் தெரியுமா? அதுவும் ஸ்ரீரங்கத்துப் பொண்ணு, எப்படியும் கல்யாணம் பண்ணிக் குடுத்துருவாங்க" என்றாய். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்கு அவர் தூங்கவில்லை. தன் ரத்தத்தைத் தப்பாகப் படித்தவர்களைத் திட்டிய பிள்ளை இவன்தானா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை.

வருஷம் பிறந்ததும் ஸ்ரீரங்கம் போனேன். ஏகாதசிக் கூட்டம் அப்போதும் வடியவில்லை, பஸ்ஸில் நிற்க இடமில்லை. உத்திர வீதியில் அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். வைதேகியின் அப்பா அப்போதுதான் கோவிலிலிருந்து வந்திருந்தார். "வாங்கோ டீச்சரம்மா, உக்காருங்கோ" என்று தானே பாயைப் போட்டார். காப்பி வந்தது. நான் போன பிறகு அந்த டம்ளரை எத்தனை முறை அலம்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வழக்கத்தோடு எனக்குச் சண்டை உண்டு, அதை இன்னொரு மாதம் எழுதுகிறேன். அன்றைக்கு அதே வழக்கம்தான் என்னைத் தலைகுனிய வைத்தது.

"அடியேனுக்கு அந்தப் படிப்பெல்லாம் தெரியாது" என்றார் அவர். "முயலைக் குத்தி ரத்தம் எடுக்கறான்னா. பெருமாள் க்ஷமிக்கட்டும்னு இருந்துட்டேன். வேலை இல்லைன்னு அனுப்பியிருந்தாலும் சரின்னு இருந்திருப்பேன். ஆனா இவளுக்கு அலம்பத் தெரியலைன்னு எழுதியிருக்கா. இந்த ஆத்துலே பொறந்தவளுக்கு. அதைத்தான் முழுங்க முடியலை." வைதேகி கதவருகில் நின்றுகொண்டு வேண்டாம் என்று கண்ணால் எனக்கு ஜாடை காட்டினாள். கைடு யாரிடம் கேட்டார், யார் என்ன சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் சொல்லவில்லை. என் முகத்துக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன். "அப்படிச் சொன்னது என் மகன்தாங்க. உங்க பொண்ணு சரியாத்தான் செஞ்சா. அவனுக்கு அது தெரியும்." அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். "உங்க பிள்ளையாண்டானா" என்றார். பிறகு டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "ஆறிடப் போறது, சாப்பிடுங்கோ" என்றார். அந்தக் காப்பியை நான் குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று உனக்குச் சொல்ல முடியாது.

வாசல் வரைக்கும் வைதேகி வந்தாள். "எதுக்கு மிஸ் சொன்னேள்" என்றாள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "இடம் வேண்டாம் மிஸ். நான் சரியா அலம்பினேன்னு அங்க ஒருத்தர் சொன்னா போறும்" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. "ஏன் போறும்? இடமும் வேணும்னு கேளுடி" என்று தெருவில் நின்று சத்தம் போட்டேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பங்குனி உத்திரம் முடிந்து யாரோ பெண் பார்க்க வருகிறார்களாம். பாங்கு உத்தியோகம். நீ சொன்னபடியே நடக்கிறது, உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அதற்குப் பிறகுதான் டிரங்க் கால் போட்டேன். லைன் சரியில்லை என்று சொல்வதற்கு முன்னால் நீ சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன், உன் பக்க நியாயமும் கேட்கப்படட்டும். "அம்மா, அந்தப் புரதம் அந்தச் செல்லுல இருக்கறது உண்மைதானே. வெளிநாட்டுல எல்லாரும் காட்டிட்டாங்க. நான் இல்லாததைச் சொல்லல. வெறும் ஸ்லைடு எந்த முயலோடதா இருந்தா என்ன, வெறும் ஸ்லைடுதானே. நீங்க அந்தக் காலத்து ஆளு, இப்ப எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க" என்றாய். நானும் யோசித்துப் பார்த்தேன். மற்றவர்கள் காட்டினார்கள், சரி. உன் ஸ்லைடில் பழுப்பானது அந்தப் புரதமா, உனக்கு முன்னால் ஒருவன் அரைத்து ஏற்றிய மொத்த மூளையில் இருந்த வேறு ஏதாவதா என்று உனக்கே தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வேறு அனுப்புகிறேன் என்கிறாய். அங்கே யாரோ ஒருவர் தலையைத் திறந்து எடுத்த கட்டியை உன் சீரத்தை வைத்துப் படிப்பார்கள். பழுப்பு வரும். எதில் விட்டாலும் வரும். வீட்டில் ஒரு பையன் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சப்பைக்கட்டு கட்டாதே, வெறும் ஸ்லைடு எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் என்றால், உன் முயலுடைய ஸ்லைடையே போட்டிருக்கலாமே. ஏன் போடவில்லை?

எனக்கு மிகவும் கோபமூட்டியது எது என்று இன்னும் சொல்லவில்லை. போன மாதம் உன் தீசிஸின் முன்பக்கங்களை டைப் செய்து, பிழை பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாய். சமர்ப்பணம் என்ற பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. வெறும் கண்ணாடியை முதலில் பார்க்கச் சொல்லிக்கொடுத்த என் அம்மாவுக்கு. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். எந்த மனதோடு இதை எழுதினாய்? அந்தப் பக்கத்தைத் திருப்பினால் உள்ளே அந்தப் படம் இருக்கிறது. பக்கத்துக் கூண்டு முயலின் படம். அதன் தலைமாட்டில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாய். உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் அந்தத் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "எழுது, இனிமே நான் தடுக்கல" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நானே உன் கைடுக்கு எழுதியிருக்கலாம். எழுதத்தான் போகிறேன், ஈஸ்டருக்கு மறுநாள். அதற்கு முன் நீ எழுத வேண்டும் என்று காத்திருக்கிறேன். அது பழைய முயல், அந்தப் படம் அதனுடையது இல்லை, வைதேகியின் ஸ்லைடு சரி, நான் சொன்னது பொய் என்று எழுது. கட்டுரையை வெளியிட்டவர்களுக்கும் எழுது. அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றும் எழுது, அவள் கேட்காவிட்டாலும். இதனால் உன் அமெரிக்கா கைவிட்டுப் போகலாம். கைடு உன்னைத் தொலைத்துக் கட்டலாம். தீசிஸ் ஒரு வருஷம், இரண்டு வருஷம் தள்ளிப் போகலாம். போகட்டும். புது முயல் வாங்கி முதலிலிருந்து செய். சோறு போட நாங்கள் இருக்கிறோம், உன் அறை அப்படியேதான் இருக்கிறது. நீ எழுதி வெளிவந்தால் நீ தப்பு செய்த என் பிள்ளை. நான் எழுதி வெளிவந்தால் உன்னை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நினைத்தாலே பயமாக இருக்கிறது. உன்மேல் இருக்கிற ஆசை ஒரு துளிகூடக் குறையவில்லை, அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

தீசிஸில் அந்தப் படமும் அந்த வரியும் சேர்ந்து இருக்க முடியாது. படத்தை வைத்துக்கொள்வதானால் என்னை எடுத்துவிடு. அமெரிக்காவுக்குப் போ, கடிதம் போடு, உடம்பைப் பார்த்துக்கொள். ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன்.

படத்தை எடுப்பதானால், ஈஸ்டர் அன்று காலை ஜங்ஷனில் இறங்கியதும் நேரே வீட்டுக்கு வராதே. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறு. வைதேகியின் அப்பா கோவிலிலிருந்து வருகிற வரைக்கும் காத்திரு. "உங்க பொண்ணு நல்லா அலம்பினாங்க, பொய் சொன்னது நான்தான்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அவர் கத்த மாட்டார். காப்பி கொடுப்பார், ஆறுவதற்குள் குடிக்கச் சொல்வார். குடித்துவிட்டு வா. பூசை முடிந்து வந்து நாங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்போம்.

அம்மா